கணக்குக் கேட்ட பிள்ளை: கடற்கரை ஊர்க் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் வடக்கே எஸ்.பி.பட்டினம், தொண்டி தொடங்கித் தெற்கே மூக்கையூர், ரோச்மாநகர் வரை உள்ள ஊர்க் கமிட்டித் தலைவர்கள், ஜமாஅத் நிர்வாகிகள், பங்குப் பேரவைப் பெரியவர்கள் அனைவருக்கும்.

வணக்கம்.

இதை ஆட்சியருக்கோ அமைச்சருக்கோ எழுதலாமே, ஊர்த் தலைவர்களுக்கு எதற்கு என்று வீட்டிலேயே கேட்டார்கள். ஆட்சியர் இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். அமைச்சருக்கு ஐந்து வருடம். நீங்கள் அப்படியில்லை. அப்பா உட்கார்ந்த இடத்தில் மகன் உட்காருகிறார், அவ்வளவுதான் மாற்றம். எங்கள் வீட்டுக் கல்யாணம், சாவு, அடிதடி, சமாதானம், கடலுக்கு எந்த நாள் போகலாம், எந்த நாள் போகக்கூடாது, திருவிழாவுக்குத் தலைக்கு எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் முன்னால்தான் முடிவாகிறது. டெல்லி அரசாங்கத்தை எங்கள் ஊர்க்காரர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வாக்குச்சாவடியில் பார்க்கிறார். உங்களைத் தினமும் சாயங்காலம் பார்க்கிறார். ஆகவே சுதந்திரத்தைப் பற்றி யாரிடமாவது பேசுவதென்றால் முதலில் உங்களிடம்தான் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நான் இந்தக் கரையில் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். குடிமக்களின் உரிமைகள், கடமைகள், ஊராட்சியின் அமைப்பு என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன். என்னிடம் படித்த ஒரு பையனால்தான் இந்த மடல். ஊர்ப் பெயர் வேண்டாம், உங்களில் பலருக்கு விஷயம் தெரியும்.

பட்டப்படிப்பு முடித்துவிட்டு அப்பாவோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன் அவன். தெருவில் மழைநீர் வாய்க்கால் கட்டியதாகக் கணக்கில் இருக்கிறது என்று யாரோ சொல்ல, 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டான். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும், வந்தது. வாய்க்காலுக்குப் பணம் எடுத்திருந்தார்கள். வாய்க்கால் இல்லை. அந்தத் தாளை அடுத்த கிராம சபையில் எழுந்து வாசித்தான். அன்று ராத்திரியே ஊர்க் கூட்டம். வாய்க்கால் எங்கே என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஊர் விஷயத்தை வெளியே கொண்டுபோக யாரிடம் உத்தரவு வாங்கினாய் என்றுதான் கேட்டார்கள். அபராதம் போட்டார்கள். கட்ட மறுத்ததும் அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் நின்றது. அப்பாவின் படகுக்கு ஆள் வரவில்லை. கடைசியில் அவன் அம்மாதான் கூட்டத்துக்கு வெளியே நின்று கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். கூட்டத்துக்கு உள்ளே வரப் பெண்களுக்கு அனுமதி இல்லையல்லவா, அதனால் வெளியே. பையன் இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான்.

இதைச் சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். 'வாத்தியார், ஊர் ஒத்துமை போயிட்டா நம்ம கதி என்ன?' அந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்தவில்லை. இந்தக் கரையில் கட்டுப்பாடு இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை. பாக் நீரிணையில் விசைப்படகும் நாட்டுப்படகும் மோதி ரத்தம் சிந்தியபிறகு, வாரத்தில் மூன்று நாள் அவர்களுக்கு, நான்கு நாள் இவர்களுக்கு என்று ஏற்பாடு வந்ததே, அது காகிதத்தில் எழுதியதால் மட்டும் நிற்கவில்லை. ஊர்கள் ஏற்றுக்கொண்டதால் நின்றது. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை நம் பிள்ளைகளைப் பிடித்துப் போகும்போது ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் ஒரு படகுகூட நகராமல் நிற்கிறதே, அதுவும் உங்கள் ஒரு சொல்லில்தான். நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாற்பது வீட்டை ஒன்று சேர்த்து ஒரு குழாயைக்கூட மாற்ற முடியவில்லை என்று என் மகன் புலம்புகிறான். உங்களால் நானூறு வீட்டை ஒரு ராத்திரியில் ஒன்று சேர்க்க முடிகிறது. இது சாதாரணமான பலம் இல்லை. வெளியிலிருந்து வருகிறவனை எதிர்க்க உதவுகிற இதே பலத்தை உள்ளே கேள்வி கேட்கிறவன்மேல் ஏன் திருப்புகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

அந்த ஒற்றுமையில் யார் யார் சேர்த்தி என்றும் கொஞ்சம் பாருங்கள். தலைக்கட்டு வரி எழுதுகிற நோட்டில் கல்யாணமான ஆண் ஒரு புள்ளி. விதவை வீடு சில ஊர்களில் அரைப் புள்ளி, சில ஊர்களில் புள்ளியே இல்லை. சொந்தப் படகு இல்லாமல் கூலிக்குப் போகிறவர் கூட்டத்தில் உட்காரலாம், ஆனால் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி பேசி முடித்த பிறகு அவர் என்ன பேசிவிட முடியும்? கல்யாணமாகாத இளவட்டங்கள் பந்தல் போடவும் சீரியல் பல்பு கட்டவும் மட்டும்தான். இவர்களையெல்லாம் வெளியே வைத்துவிட்டு எடுக்கிற முடிவுக்கு 'ஊர் முடிவு' என்று பெயர். தேர்தல் வந்தால் இந்த ஊர் முடிவு வாக்குச்சாவடி வரைக்கும் வருகிறது. இந்தத் தடவை இந்தச் சின்னத்துக்கு என்று கூட்டத்தில் சொல்லிவிடுகிறார்கள், மறைப்புக்குப் பின்னால் போய் நிற்கிறவருக்கும் ஊர் பார்த்துக்கொண்டே இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. ஊராட்சித் தலைவர் பதவியைக் கோயில் திடலில் வைத்து ஏலம் விட்டார்கள் என்று தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல்தோறும் செய்தி வருகிறது. ஏலப் பணத்தில் கோபுரத்துக்கு வர்ணம் அடித்தோம், அதில் யாருக்கு நஷ்டம் என்று பேசுகிறவர்களை நான் நேரில் கேட்டிருக்கிறேன். வாக்குச்சீட்டையே பார்க்காமல் போனவர்களுக்குத்தான் நஷ்டம், வேறு யாருக்கு?

இதற்கு நீங்கள் சொல்லும் இன்னொரு பதில்: 'அடுத்த தலைமுறை படிச்சிருச்சு வாத்தியார், எல்லாம் தானா சரியாயிடும்.' ஆசிரியனாக இருந்தவன் இதைக் கேட்டு மகிழ வேண்டும். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. படிப்பு வந்தால் சுதந்திரம் தானாகப் பின்னால் வரும் என்பதை வரலாறு அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. படிப்பு இல்லாவிட்டால் சுதந்திரம் கூடாது என்பதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் 1935-ஆம் வருடச் சட்டத்தின்படி சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதி இருந்தால்தான் ஓட்டு. சுதந்திர இந்தியா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 1951 கணக்கெடுப்பில் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 18 பேர்தான். அந்த நிலையில் 17 கோடிப் பேருக்கு ஓட்டுக் கொடுத்து 1951-52-இல் தேர்தல் நடத்தினார்கள். எழுத்துத் தெரியாதவருக்காகச் சின்னம், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. அந்தத் தேர்தலில் ஒரு சங்கடமும் நடந்தது. பெரும்பாலும் வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொல்லியதால் சுமார் 28 லட்சம் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். நம் தலைக்கட்டு நோட்டைப் புரட்டும்போது எனக்கு இந்த 28 லட்சம் நினைவுக்கு வருவதுண்டு. ஆனாலும் அன்று கைநாட்டு வைத்த மக்கள் பெட்டியில் போட்ட ஓட்டில்தான் இந்தக் குடியரசு நின்றது. பள்ளிப் படிப்பை ஆறாம் வகுப்போடு நிறுத்திய காமராசர்தான் முதலமைச்சராகி ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். படிப்பு சுதந்திரத்தைக் கொண்டுவந்தது என்பதைவிட, ஓட்டு கிடைத்ததால் படிப்பு ஊருக்குள் வந்தது என்று சொல்வது நம் விஷயத்தில் பொருத்தம்.

முதலாவதற்கு உதாரணம் தேட நாம் வெகுதூரம் போக வேண்டாம். தனுஷ்கோடி முனையில் நின்றால் தலைமன்னார் எந்தத் திசையில் என்று உங்கள் வீட்டுப் பிள்ளை கை காட்டும்.

இலங்கையில் 1931-லேயே ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. வெள்ளைக்கார அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு பரிந்துரைத்தது அது. நமக்கு அது கிடைக்க இன்னும் இருபது வருடம் ஆனது. 1945-இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா முயற்சியில் இலவசக் கல்வி வந்தது. பள்ளிக்கூடத்திலும் எழுத்தறிவிலும் நம்மைவிட எவ்வளவோ முன்னால் இருந்த நாடு. ஆனால் சுதந்திரம் கிடைத்த அதே 1948-இல், முதல் பாராளுமன்றம் செய்த பெரிய காரியங்களில் ஒன்று, மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த தமிழ் மக்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம். அடுத்த வருடம் அவர்கள் ஓட்டும் போனது. 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டு ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அவர்கள். சட்டம் கொண்டுவந்தவர்கள் படிக்காதவர்களா? சீமையில் படித்தவர்கள். தடுத்திருக்க வேண்டிய படித்த தமிழ்த் தலைவர்களும் பிரிந்துதான் நின்றார்கள். அதில் மனம் கசந்து தமிழ்க் காங்கிரசிலிருந்து வெளியேறிய செல்வநாயகம் 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தோட்டக்காட்டான் ஓட்டு போனால் நமக்கென்ன என்று இருந்துவிட்டவர்களின் வீட்டு வாசலுக்கு 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1981 ஜூன் மாதம் பிறந்தபோது யாழ்ப்பாண நூலகம் எரிந்துகொண்டிருந்தது. சுமார் 97,000 புத்தகங்களும் பழைய ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின.

இதன் மறுபாதி நம் கரையில் நடந்தது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று எழுதினார்கள். அந்த டிசம்பரிலேயே புயலில் தனுஷ்கோடி போனது. அப்புறம் ராமேசுவரத்துக்குக் கப்பலில் தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவர்களை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒருகாலத்தில் தேயிலைத் தோட்டத்துக்கு ஆட்களை அனுப்பிய மண்டபம் முகாம்தான் அங்கிருந்து வந்தவர்களையும் வாங்கிக்கொண்டது. 1983-க்குப் பிறகு படகில் வந்தவர்களையும் அதே முகாம்தான் வாங்கிக்கொண்டது. பள்ளிக்கூடம் இருந்தது, ஓட்டு இருந்தது, பத்திரிகை இருந்தது. பக்கத்து வீட்டுக்காரனின் உரிமை போனால் என் உரிமையும் போகும் என்று பதறுகிற பழக்கம் மட்டும் வேரூன்றவில்லை. அந்தப் பழக்கத்தைத்தான் நான் பண்பாடு என்கிறேன். மேளதாளமும் பரிவட்டமும் அதற்கு அப்புறம்.

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் பேசியதில் இரண்டு விஷயங்கள் உண்டு. அரசியல் சட்டத்தை மதிக்கிற ஒழுக்கம் மனிதனுக்கு இயல்பாக வருவதில்லை, அதை வளர்த்தெடுக்க வேண்டும் என்றார். அதே பேச்சில், கிராமம் என்பது குறுகிய மனமும் அறியாமையும் சாதி மதப் பிரிவினையும் குடிகொண்ட இடம் என்ற பொருளிலும் சொன்னார். காந்தியின் கிராம ராஜ்யத்தைக் கேட்டு வளர்ந்த என் போன்றவர்களுக்கு அந்த இரண்டாவது பேச்சு உறுத்தும். என் ஊரை அப்படி ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பையனின் அம்மா கூட்டத்துக்கு வெளியே நின்ற ராத்திரி, அம்பேத்கரை மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் வாத்தியார் தன் இனத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பீர்கள். பாடப் புத்தகத்தைத் திறந்ததும் தீண்டாமை பாவச்செயல், பெருங்குற்றம் என்று அச்சாகியிருக்கிறது. பிள்ளைகள் பார்க்காமல் ஒப்பிக்கிறார்கள். அதே வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, ஐயா இது ஏன் இப்படி என்று கேட்டால் அதிகப்பிரசங்கி என்று பட்டம். பத்து வருடம் வாயை மூடி உட்காரப் பழகியவன் பதினெட்டு வயதில் திடீரென்று குடிமகன் ஆகிவிடுவானா? பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். மதிப்பெண் எடுப்பவர்கள் அவர்கள், கீழக்கரையில் பெண்களுக்கென்றே கல்லூரி நடக்கிறது, கடற்கரைக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் படிக்கிறார்கள். பட்டம் வாங்கியபிறகு ஊர்க் கூட்டத்தில் அவர்கள் இடம் எது? அம்மா நின்ற அதே இடம்தான்.

ராமேசுவரத்தில் அப்துல் கலாம் படம் இல்லாத பள்ளிக்கூடம் கிடையாது. கனவு காணுங்கள் என்ற வாசகத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர் தன் வாழ்க்கையைச் சொல்லும்போது குறிப்பிட்ட ஒரு சம்பவத்தை யாரும் சுவரில் எழுதுவதில்லை. ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த ஆசிரியர், தொப்பி போட்ட பையன் அர்ச்சகர் மகனுக்குப் பக்கத்தில் உட்காரக்கூடாது என்று கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். இரண்டு பிள்ளைகளும் வீட்டில் சொன்னார்கள். கோயில் தலைமை அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு, பிஞ்சு மனதில் விஷம் விதைக்காதே, மன்னிப்புக் கேள், இல்லையென்றால் பள்ளியையும் தீவையும் விட்டுப் போ என்றார். ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார். அன்று அங்கே அரசியல் சட்டமும் இல்லை, எல்லோருக்கும் ஓட்டும் இல்லை. ஊரில் நாலு பேர் மதிக்கிற ஒரு பெரியவர் தன் செல்வாக்கை எந்தப் பக்கம் வைத்தார் என்பதுதான் இருந்தது. அந்தச் செல்வாக்கு இன்று உங்களிடம் இருக்கிறது.

நம் பழம்பெருமையைப் பற்றி மேடையில் நிறையக் கேட்கிறோம், நான் சுருக்கமாகவே சொல்கிறேன். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது, போர்ச்சுகல் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறைக் கடற்கரை மக்களுக்காகச் செய்த வேலை அது. கீழக்கரையில் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம், தமிழை அரபு எழுத்தில் எழுதுகிற அரபுத்தமிழில் எழுதினார். வெளியே வராத பெண்களும் அந்த எழுத்தில் தமிழ் வாசித்தார்கள். நம் இராமநாதபுரம் அரண்மனையோடு உறவுடைய பாண்டித்துரைத் தேவரைப் பாருங்கள். 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்தார். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அதற்குத் தலைவராக இருந்தவரும் அவரேதான். ஏட்டைத் தேடி அச்சில் போடுவதும் வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராகக் கப்பல் விடுவதும் அவருக்கு வேறு வேறு வேலையாகத் தெரியவில்லை. இன்று நாம் தமிழுக்கு ஒரு மேடை, அரசியலுக்கு ஒரு மேடை, ஊர்க் கணக்குக்கு இருட்டில் ஒரு திண்ணை என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

பழைய கதை போதும். இன்றைக்கு நம் கண் முன்னால் நடப்பதைச் சொல்கிறேன், இதுதான் என்னை இந்த மடல் எழுத வைத்த இன்னொரு காரணம்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்கு அது பெரிய அடி. இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் முங்கி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பாசி பறிக்கிறவர்கள் அவர்கள். தீவுக்குள் போகாதே என்றார்கள், படகைப் பிடித்தார்கள், அபராதம் போட்டார்கள். அவர்களில் பலர் பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்கார்ந்தவர்கள் இல்லை. ஆனால் சங்கமாகச் சேர்ந்தார்கள். அதிகாரிகளிடம் போய்ப் பேசினார்கள். அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தார்கள். தங்களுக்குத் தாங்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மட்டும் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் நிறுத்திக்கொள்வது, பவளப்பாறையைச் சுரண்டுகிற இரும்புக் கருவியைத் தொடாமல் இருப்பது. பாசி திரும்ப வளர வேண்டும் என்பது எந்த அதிகாரிக்கும் முன்னால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண்மணி ஒருவருக்கு 2015-இல் தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குத் தருகிற அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது.

ஒரு நாட்டின் அரசியல் சுதந்திரம் எப்படி இருக்கும் என்று வகுப்பில் யாராவது இன்று என்னைக் கேட்டால், அந்தப் பெண்களைத்தான் காட்டுவேன். தனக்கு வேண்டியதைக் கேட்பது, தன் கையைத் தானே கட்டிக்கொள்வது, இரண்டும் அங்கே இருக்கிறது. அவர்களுக்கு அமெரிக்காவில் மேடை கிடைக்கிறது. சொந்த ஊர்க் கூட்டத்தில் பாயில் ஒரு ஓரம் கிடைக்கவில்லை. இதை நீங்களே யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கும்.

கணக்குக் கேட்பது நம் பழக்கம் இல்லை, படித்தவன் கொண்டுவந்த வியாதி என்று ஒரு தலைவர் சொன்னார். அவரும் படகு வைத்திருப்பவர்தான். கடலுக்குப் போய் வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, மிச்சத்தைப் படகுக்கு இத்தனை பங்கு, ஆளுக்கு இத்தனை பங்கு என்று அன்றைக்கே எல்லோர் முன்னாலும் பிரிக்கிறோம். முதல் தடவை கடலேறிய பொடியன்கூட, டீசல் எத்தனை லிட்டர்னு போட்டீங்க என்று கேட்கலாம். எந்தச் சம்மாட்டியும் அவனை ஊரைவிட்டுத் தள்ளியதில்லை. பத்துப் பேர் போகிற படகில் இருக்கிற நியாயம் ஊர்ப் பணத்துக்கு மட்டும் ஏன் இல்லாமல் போகிறது? உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லா அரசியல்வாதியும் மேடையில் சொல்கிறார்கள். பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு எடுத்த குடவோலை, சோழர் காலத்து ஜனநாயகம் என்று கைதட்டல் வாங்குகிறார்கள். நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்கள் மட்டும் நின்ற தேர்தல் அது என்பதைச் சொல்வதில்லை, சரி போகட்டும். ஆனால் அந்தக் கல்வெட்டில் இன்னொரு விதி இருக்கிறது. வாரியம் என்கிற ஊர்க் குழுவில் உறுப்பினராக இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி நிற்க முடியாது. இந்த ஒரு விதியை மட்டும் நம் கமிட்டிகளுக்கு வைத்தால் எத்தனை பேர் மிஞ்சுவோம்?

என்ன செய்யச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். கடல் கடந்து போய் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டிய காரியம் எதுவும் இதில் இல்லை.

ஊர் விலக்கை விட்டுவிடுங்கள். கோர்ட்டுக்குப் போனவன், போலீஸில் எழுதிக் கொடுத்தவன், மனுப் போட்டவன், வேறு கட்சிக்கு வேலை செய்தவன், யாராக இருந்தாலும் அவன் வீட்டு நெருப்பையும் தண்ணீரையும் நிறுத்தாதீர்கள். உங்கள் கையில் இருக்கிற அதிகாரத்திலேயே மிகக் கொடியது அது, சட்டத்தின் முன் நிற்காததும் அதுதான். மற்றது எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்தால் பாதி வேலை முடிந்தது.

கூட்டத்தில் பெண்களை உட்கார வையுங்கள். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாட்டில் 2016-இல் சட்டம் வந்து, 2019 டிசம்பரில் நம் மாவட்டத்தில் அப்படித்தான் தேர்தல் நடந்தது. ஜெயித்த பெண்களில் பலருக்குப் பதிலாகக் கணவர்தான் நாற்காலியில் உட்கார்ந்தார் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஊர்க் கூட்டத்தில் பேசிப் பழகாதவர் ஊராட்சியில் போய் எப்படிப் பேசுவார்? அந்த ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும், எங்கள் ஊரில் பதவியை ஏலம் விடமாட்டோம், யாருக்கு ஓட்டு என்று சொல்லமாட்டோம் என்று இப்போதே தீர்மானம் போட்டுவிடுங்கள். தேர்தல் நெருங்கினால் உங்களாலும் முடியாது, ஆட்கள் சுற்றிக்கொள்வார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். கையெழுத்து வாங்கத் தலைமையாசிரியர் வீட்டுக்கு ஆள் அனுப்புகிற குழுவாக அது பல இடத்தில் இருக்கிறது. உங்கள் ஊரில் அது உண்மையாகக் கூடட்டும். கழிப்பறைக்கு வந்த பணம் எவ்வளவு, கணக்கு டீச்சர் இடம் எத்தனை மாதமாகக் காலி என்று ஒரு மீன் விற்கிற அம்மா கேட்கிற நாளில் அந்த அம்மாவின் பிள்ளையும் வகுப்பில் கை தூக்கும்.

நூலகத்துக்கும் கொஞ்சம் மனசு வையுங்கள். சுதந்திரம் வந்த அடுத்த வருடமே, 1948-இல், சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் போட்டது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி என்று நீங்களும் நானும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கட்டுகிற வரிக்கு ஊரில் நூலகம் திறந்திருக்கிறதா, கடலிலிருந்து வந்தவன் சாயங்காலம் போய் உட்கார முடிகிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. திருவிழாவில் ஒரு ராத்திரி வாணவேடிக்கைக்கு ஆகிற செலவு என்ன என்று எனக்கும் தெரியும். அதைக் குறைக்கச் சொல்லவில்லை, குறைக்கமாட்டீர்கள். பாம்பனில் மீனவர்களுக்கென்று நடக்கிற கடல் ஓசை 90.4 வானொலியில் காற்று, மழை, மீன்விலை கேட்கிறோமே, அந்த மாதிரி நம் குரலே நமக்குக் கேட்கிற இடங்கள் ஊருக்கு இரண்டு மூன்று இருக்கட்டும் என்கிறேன்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை. அந்த ஆறு நாளும் கடலுக்குப் போகவேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஊரே வந்து உட்காரும். வேலை நிறுத்தத்துக்குச் சொல்கிற அதே வார்த்தைதான். வருகைப் பதிவேட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவதை நிறுத்திவிட்டு, வரவு செலவை மைக்கில் வாசிக்கச் சொல்லுங்கள். அதே மேடையில் ஊர்க் கமிட்டி, ஜமாஅத், பங்குக் கணக்கையும் வாசித்தால் அரசாங்கத்திடம் கணக்குக் கேட்கிற துணிவு நமக்கு இரட்டிப்பாகும்.

வருகிற அக்டோபர் 2-க்கு எங்கள் ஊரில் இதை முதலில் செய்து பார்க்கலாம் என்று எங்கள் கமிட்டியில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்றார்கள், சொல்லவில்லை. கணக்கு வாசிக்கக் குரல் உள்ள ஆள் வேண்டுமென்றால் நான் வாசிக்கிறேன். திருப்பூரிலிருக்கிற பையனுக்கு அன்றைக்கு வரச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறேன். அவன் மேல் போட்ட அபராதத்தை ரத்து செய்ததாக எழுத்தில் ஒரு வரி கிடைத்தால் வருகிறேன் என்கிறான். அந்த ஒரு வரியைக் கமிட்டியின் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு எனக்கு ஒரு நகல் அனுப்பிவையுங்கள், டிக்கெட் நான் எடுத்துக்கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கரையைச் சேர்ந்த
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர்